நாய் ஏன் குழி பறிக்குது? ஜவ்வாது மலை அடிவாரத்துல இருந்து ஒரு பதில்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன வாரம் கோட்டை, முற்றுகைன்னு பெரிய விஷயமா பேசினோம். இந்த வாரம் ஒரு நாயும் ஒரு குழியும்தான். ஆனா இதுலயும் பல்லவ ராஜா வருவார், சோழ இளவரசர் வருவார், டார்வினும் வருவார். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

திருப்பத்தூர்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வீட்டுல ஒன்றரை வயசு நாட்டு நாய். வீட்டைச் சுத்தி கொஞ்சம் மண் தரை இருக்கு. நாய் தினமும் அங்க குழி பறிக்குது. மல்லிச் செடி போச்சு, வாசல் படிக்குப் பக்கத்துல மண்ணு போச்சு. சொந்தத்துல ஒரு பெரியம்மா வந்து பார்த்துட்டு, "வாசல்ல நாய் குழி பறிச்சா வீட்டுக்கு ஆகாது, பேசாம மலைமேல கொண்டுபோய் விட்டுட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். வீட்டுலயும் எல்லாரும் பாதி மனசா இருக்காங்க. தம்பியோட கேள்வி இதுதான்: "அண்ணா, நாய் எதுக்கு இப்படிப் பண்ணுது? இதுக்கு ஏதாவது வரலாறு இருக்கா?"

இருக்கு தம்பி. அதுவும் உங்க மலையைச் சுத்தியே இருக்கு.

முதல்ல குழியைப் படிப்போம்

எங்க வேலையில ஒரு சிஸ்டம் தப்பா நடந்தா முதல்ல லாக் பார்ப்போம். எப்போ நடந்துச்சு, எங்க நடந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு. நாய் பறிச்ச குழியும் அப்படி ஒரு லாக்தான். எங்க பறிச்சிருக்கு, என்ன வடிவம், எந்த மாசம், எந்த நேரம்னு பார்த்தாலே பாதிக் காரணம் தெரிஞ்சிடும்.

நிழல்ல, சுவர் ஓரமா, தண்ணித் தொட்டி பக்கத்துல, நாய் படுக்கிற அளவுக்கு ஆழமில்லாத ஒரு பள்ளம். மத்தியானம் அதுல வயித்தை அமுக்கிப் படுத்திருக்கு. இது வெயிலுக்கான குழி. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்துல மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மத்தபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைச்சுதான் சூட்டை வெளியேத்தணும். அதோட சாதாரண உடம்புச் சூடே 38, 39 டிகிரி செல்சியஸ். திருப்பத்தூர்ல ஏப்ரல், மே வெயில் எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேல் மண்ணு கொதிக்கும்போது அரை அடி கீழ இருக்கிற மண்ணு ஈரமா, குளிர்ச்சியா இருக்கும். வயித்துப் பக்கம் முடி கம்மி. அந்தத் தோலை ஈர மண்ணுல வச்சா சூடு இறங்கும். நாய்க்கு ஏசி ரிமோட் கிடையாது, நகம்தான் இருக்கு.

படிக்கட்டுக்கு அடியில, வைக்கோல் போருக்குப் பக்கத்துல, மறைவா, ஆழமா ஒரு குழி. பறிச்சது பெட்டை நாய். அப்படின்னா அது குட்டி போடத் தயாராகுதான்னு பாருங்க. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். பிறந்த குட்டிக்கு முதல் ரெண்டு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்கத் தெரியாது. குழிதான் அதுக்கு இன்குபேட்டர். இதுல ஒரு சுவாரசியமான விஷயம்: கொல்கத்தா ஐசர் நிறுவனத்துல அனிந்திதா பத்ராவோட குழு தெருநாய்கள் குட்டி போடுற இடங்களைத் தேடித்தேடிப் பதிவு பண்ணி, 2016-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தாய் நாய்கள் மனுஷங்க நடமாட்டம் இல்லாத இடமா பார்த்து ஒதுங்கல. மனுஷங்களுக்குப் பக்கத்துலதான் இடம் தேடுது. வீட்டு வாசல்ல ஒரு தாய் நாய் குழி பறிச்சா, அது உங்களை நம்புதுன்னு எடுத்துக்கலாம்.

சின்னக் குழி, மண்ணை மூக்கால தள்ளி மூடியிருக்கு. உள்ள ஒரு எலும்பு, இல்ல பாதி பிஸ்கட், சில சமயம் உங்க செருப்பு. இது சேமிப்பு. ஓநாய், நரி எல்லாம் மிஞ்சின இரையைப் புதைச்சு வைக்கும். நாளைக்கு வேட்டை கிடைக்குமான்னு தெரியாத வாழ்க்கையில் வந்த பழக்கம்.

வரிசையா, ஒரே கோடு மாதிரி நோண்டியிருக்கு, நாய் அடிக்கடி காதைச் சாய்ச்சு நிலத்தைக் கேக்குது. கீழ எலியோ பெருச்சாளியோ இருக்கு. உங்க நாய் வேலை பார்த்துக்கிட்டிருக்கு.

வேலி ஓரமா பறிச்சா வெளிய போகப் பார்க்குது. எல்லா இடத்துலயும், அர்த்தமே இல்லாம, குறிப்பா நீங்க வெளிய போன நேரத்துல பறிச்சா, அதுக்குப் பொழுது போகல. இந்தக் கடைசிக் காரணம் மட்டும் கொஞ்சம் புதுசு. ஏன்னு அப்புறம் வர்றேன்.

கம்பளத்துல குழி தேடின நாய்

1872-ல் சார்லஸ் டார்வின் மனுஷங்களும் விலங்குகளும் உணர்ச்சியை எப்படி வெளிப்படுத்துறாங்கன்னு ஒரு புத்தகம் போட்டார். அதுல நாய் படுக்கிறதைப் பத்தி ஒரு கவனிப்பு வரும். கம்பளம் விரிச்ச தரையில தூங்கப் போற நாய் ரெண்டு மூணு சுத்து சுத்தி, முன்னங்காலால தரையைப் பிறாண்டும். கம்பளத்துல பள்ளம் விழாதுன்னு அதுக்குத் தெரியும்தானே, அப்புறம் ஏன்? புல்வெளியிலயும் காட்டுலயும் படுத்த அதோட முன்னோர், புல்லை மிதிச்சு, மண்ணைப் பறிச்சு இடம் பண்ணின பழக்கத்தோட மிச்சம் அதுன்னு டார்வின் நினைச்சார். தேவை போயிடுச்சு, பழக்கம் இருக்கு.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பறிக்கிறதுக்குன்னே நாயை வளர்த்ததும் மனுஷன்தான். டெரியர்னு ஒரு நாய் வகை இருக்கே, அந்தப் பேரே 'டெர்ரா'ங்கிற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது. டெர்ரான்னா மண். வளைக்குள்ள பூந்து நரியையும் எலியையும் வெளிய கொண்டு வரணும்னு தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து வளர்த்த நாய்கள். டாக்ஸ்ஹுண்ட்னு நீளமா, குட்டைக் காலோட ஒரு நாய் பார்த்திருப்பீங்க. வளைக்கரடின்னு மண்ணுக்குள்ள வாழுற ஒரு பிராணியைப் பிடிக்கிற நாய்னுதான் ஜெர்மன்ல அந்தப் பேருக்கு அர்த்தம். அந்த உடம்பு குழிக்குள்ள போறதுக்குன்னே அமைஞ்சது. இப்போ அதை பெங்களூரு அபார்ட்மெண்ட்ல வச்சுக்கிட்டு "சோபாவைக் கிழிக்குது"ன்னு புகார் சொல்றோம். தேவைகள் மாறிடுச்சு, கோடு மாறல.

குழி பறிச்ச மனுஷங்க

சரி, திருப்பத்தூருக்கு வருவோம். 2019-ல் வேலூர் மாவட்டத்தைப் பிரிச்சு உருவான இந்த மாவட்டத்துல பையம்பள்ளின்னு ஒரு ஊர். 1960கள்ல இந்தியத் தொல்லியல் துறை அங்க அகழாய்வு பண்ணுச்சு. புதிய கற்கால மக்கள் வாழ்ந்த தடம் கிடைச்சது. வழவழப்பா தேய்ச்ச கற்கோடரிகள், மண்பாண்டங்கள், கொள்ளு, பச்சைப்பயறு. அதோட, தரையைத் தோண்டிப் பள்ளம் பண்ணி மேல கூரை போட்ட குழி வீடுகளோட தடமும்.

யோசிச்சுப் பாருங்க. மூவாயிரம் வருஷத்துக்கும் முன்னாடி இதே மலையைப் பார்த்துக்கிட்டு வாழ்ந்தவங்க மண்ணுக்குள்ள இறங்கியிருக்காங்க. மண்ணுக்குள்ள போனா வெயிலும் உறைக்காது, காத்தும் குளிரும் அடிக்காது. உங்க நாய் மல்லிச் செடிக்குக் கீழ கண்டுபிடிச்ச அதே இயற்பியல்.

காஷ்மீர்ல புர்சஹோம்னு ஒரு இடம். அங்கயும் புதிய கற்காலக் குழி வீடுகள். அங்க கூடுதலா ஒண்ணு கிடைச்சது: மனுஷங்களோட சேர்த்தும் தனியாவும் புதைக்கப்பட்ட நாய்கள். இன்னும் பின்னாடி போனா, 1914-ல் ஜெர்மனியின் பான் நகரத்துக்குப் பக்கத்துல ஓபர்காஸல்ங்கிற இடத்துல, சுமார் 14,000 வருஷம் பழைய ஒரு புதைகுழி கிடைச்சது. ஒரு ஆண், ஒரு பெண், கூட ஒரு இளம் நாய். அந்த நாயோட பல்லை ஆராய்ஞ்சவங்க, அது குட்டியா இருந்தப்போ கடுமையா நோய்வாய்ப்பட்டிருக்கணும், யாரோ பார்த்துக்கலைன்னா அவ்வளவு நாள் உயிரோட இருந்திருக்காதுன்னு சொல்றாங்க.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். நாயும் மனுஷனும் சேர்ந்து வாழ்ந்ததுக்கு உலகத்துல கிடைச்ச ரொம்பப் பழைய, உறுதியான சாட்சிகள்ல ஒண்ணு, நாய்க்காக மனுஷன் பறிச்ச குழி. நம்ம உறவே குழியில இருந்துதான் வெளிய வந்திருக்கு.

கோவிவன்

இப்போ மலையைச் சுத்தி தெற்குப் பக்கம் போவோம். திருப்பத்தூர்ல இருந்து திருவண்ணாமலை போற வழியில செங்கம். சங்க இலக்கியத்துல பத்துப்பாட்டுல ஒண்ணான மலைபடுகடாம், இந்த ஊரை ஆண்ட நன்னனைப் பத்தினதுதான். வழியில நிக்கிற நடுகற்களைப் பத்தி அந்தப் பாட்டே பேசுது. போர்லயோ கால்நடையைக் காப்பாத்துறப்பவோ இறந்தவங்களுக்கு நட்ட கல். ஒரு ஊரோட செல்வம் அப்போ மாடும் எருமையும்தான். அதைக் கவர்ந்துக்கிட்டுப் போறதும், மீட்கிறதும்தான் சண்டை. வெட்சி, கரந்தைன்னு ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கா? அது பரிட்சைக்கு வந்த பூ மட்டும் இல்ல. இந்த அடிவாரத்துல ராத்திரி ராத்திரி நடந்தது.

தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை இந்தப் பகுதியில ஊர் ஊரா அலைஞ்சு நடுகற்களைப் படிச்சாங்க. 1972-ல் இரா. நாகசாமி பதிப்பிச்ச 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பு வெளிவந்தது. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அந்தக் கற்கள்ல ஒண்ணு எடத்தனூர்ல இருக்கிறது.

முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியின் 34ஆம் வருஷம்னு அந்தக் கல் ஆரம்பிக்குது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. அதாவது, நம்ம மாமண்டூரையும் மண்டகப்பட்டையும் குடைஞ்ச அதே மகேந்திரன். கருந்தேவக்கத்திங்கிற வீரன் எருமைகளைக் காப்பாத்துற சண்டையில செத்துப்போனான். அதுக்கான கல் இது. செய்தி அதோட முடிஞ்சிருந்தா அது நூத்துல ஒரு நடுகல். முடியல. கோவிவன்னு ஒரு நாய், ரெண்டு கள்ளன்களைக் கடிச்சு, விலகாம காவல் இருந்துச்சுன்னும் கல் சொல்லுது. நாயையும் செதுக்கியிருக்காங்க.

கல்லுல எழுத்து வெட்டுறது சுலபமான வேலை இல்ல. ஒவ்வொரு எழுத்துக்கும் உளி, நேரம், கூலி. அதனால நடுகல்லுல தேவையானது மட்டும்தான் இருக்கும்: ராஜா யாரு, வருஷம் என்ன, தலைவன் யாரு, செத்தவன் யாரு. அந்தச் சின்ன இடத்துல நாய்க்குப் பேரும், அது பண்ணின வேலையும் இருக்கு. கள்ளன்களுக்குப் பேர் இல்ல. எருமைகளுக்குப் பேர் இல்ல. நாய்க்கு இருக்கு.

இது ஒரே ஒரு சம்பவம்னு நினைக்காதீங்க. அதே பழைய வட ஆற்காட்டுல, இன்னைக்கு ராணிப்பேட்டை மாவட்டத்துல இருக்கிற தக்கோலத்துல 949-ல் பெரிய போர். சோழ இளவரசர் ராஜாதித்தர் இறந்த போர். எதிர்ப்பக்கம் ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரும், அவர் கூட நின்ன கங்க மன்னர் இரண்டாம் பூதுகரும். போர்ல நல்லா சண்டை போட்ட மணலேரன்கிற வீரனைப் பார்த்து "என்ன வேணும், கேள்"னு பூதுகர் கேட்டார். அவன் ஊர் கேக்கல, பொன் கேக்கல. காளிங்கிற வேட்டை நாயைக் கேட்டான். பின்னாடி அந்த நாய் ஒரு பெரிய காட்டுப் பன்றியோட மோதி, ரெண்டும் செத்துப்போச்சு. கர்நாடகத்துல ஆதகூர்ங்கிற ஊர்ல காளிக்குக் கல் நட்டு, நிலமும் விட்டாங்க. அந்தக் கல் இப்போ பெங்களூரு அரசு அருங்காட்சியகத்துல இருக்கு. தக்கோலப் போர்ல என்ன நடந்துச்சுன்னு வரலாற்று ஆசிரியர்கள் புரட்டுற முக்கியமான சான்றுகள்ல ஒண்ணு, ஒரு நாயோட நினைவுக்கல்.

கோவிவன் குழி பறிச்சிருக்குமா? கல்லுல அது இல்ல. ஆனா அதுவும் நாய். எருமைகளோட மண்ணுல வாழ்ந்த நாய். சித்திரை வெயில் அதுக்கும் அடிச்சிருக்கும். மண்ணும் எலியும் நிழலும் வேலையும் அதைச் சுத்தி நிறைய இருந்தது. அங்க ஒரு குழி யாருக்கும் பிரச்சினையா இருந்திருக்கும்னு எனக்குத் தோணல.

குழி எப்போ தப்பாச்சு?

என் பதில் இதுதான். நாய் மாறல. தரை மாறிடுச்சு.

நம்ம தாத்தா காலத்து வீட்டுக்கு வாசல், திண்ணை, பின்னாடி கொல்லை, அதைத் தாண்டி களம். மண்ணு நிறைய. நாய் வீட்டு ஆளும் கிடையாது, தெரு ஆளும் கிடையாது; ரெண்டுக்கும் நடுவுல சுதந்திரமா திரியும். ராத்திரி காவல், பகல்ல தூக்கம். இப்போ வாசல் சிமெண்ட், பக்கவாட்டுல டைல்ஸ், கார் நிறுத்த இடம். மிச்சம் நாலடிக்கு நாலடி மண்ணு. அதுல அம்மா ஆசையா வச்ச மல்லி. வெயில் குழி, சேமிப்புக் குழி, எலிக் குழி எல்லாத்தையும் நாய் அந்த நாலடிக்குள்ளயே பண்ணணும். சங்கிலி, கேட் வந்த பிறகு காவல் வேலையும் பாதி போயிடுச்சு, சிசிடிவி பார்த்துக்குது. அப்போ மிச்ச நேரத்துக்கு என்ன பண்ணும்? பொழுதுபோகாத குழி புதுசுன்னு சொன்னேனே, அது இதனாலதான்.

பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். நாயோட செய்கையைச் சகுனமா பார்க்கிறது ரொம்பப் பழசு. 6ஆம் நூற்றாண்டுல வராகமிகிரர் எழுதின பிருகத் சம்ஹிதையில நாய்ச் சகுனத்துக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. அந்தக் காலத்து ஆளுங்க நாயைக் கூர்ந்து கவனிச்சிருக்காங்கன்னு அதுல தெரியுது. கேட்ட கேள்விதான் வேற. "இது நமக்கு என்ன சொல்லுது"ன்னு கேட்டாங்க. "இந்த நாய்க்கு என்ன வேணும்"னு கேட்டா அதே கவனிப்பு நமக்கு உதவும்.

ஆனா மலைமேல விடுறது மட்டும் வேண்டாம் தம்பி. அதுல நான் உறுதியா இருக்கேன். வீட்டுச் சோறு தின்ன நாய்க்குக் காடு தெரியாது. பசியில அது ஆட்டுக்குட்டியையோ கோழியையோ பிடிச்சா, நஷ்டம் மலைவாழ் மக்களுக்கு. தடுப்பூசி போடாத நாயா இருந்தா ரேபிஸ், டிஸ்டெம்பர் மாதிரி நோய் நரிக்கும் மத்த விலங்குக்கும் போகும். சட்டமும் இருக்கு: பசியிலயும் தாகத்துலயும் தவிக்கிற நிலைமையில ஒரு விலங்கைக் காரணமில்லாம கைவிடுறது, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தெருநாயைக் கருத்தடை பண்ணினாலும் பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும்னு 2023 விதிகள் சொல்லுது. வீட்டு நாயை மலையில விட்டா அது யாரோட நாய்?

அப்போ என்ன பண்ணலாம்?

குழியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிங்க. வெயில் குழின்னா நிழல் கொடுங்க, சாக்கு நனைச்சுப் போடுங்க, தண்ணிச் சட்டியை ரெண்டாக்குங்க. அந்தப் பள்ளத்தை மூடுறதுக்கு முன்னாடி வேற ஒரு குளிர்ச்சியான இடம் இருக்கான்னு பாருங்க. எலிக் குழின்னா எலியைக் கவனிங்க. ஆனா நாய் இருக்கிற வீட்டுல எலி மருந்து வைக்காதீங்க. பொழுதுபோகாத குழின்னா காலை, சாயங்காலம் நடக்கக் கூட்டிட்டுப் போங்க. ஒரு மூலையில ரெண்டு சட்டி மணலைக் கொட்டி, அதுல எலும்பைப் புதைச்சுக் காட்டுங்க. "இங்க பறி"ன்னு ஒரு இடம் கொடுத்தா நாய்க்குச் சீக்கிரம் புரியும். மல்லியைச் சுத்திக் கல் அடுக்கிடுங்க. பறிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு அடிக்கிறதுல பிரயோஜனம் இல்ல. எதுக்கு அடி விழுதுன்னு அதுக்குத் தெரியாது, உங்களைப் பார்த்தா பயம் மட்டும் வரும். இத்தனை நாள் பறிக்காத நாய் திடீர்னு வெறியா பறிச்சா, சாப்பிடலைன்னா, கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க.

கடைசியா ஒண்ணு. 1400 வருஷத்துக்கு முன்னாடி செங்கத்துப் பக்கம் ஒரு ஊர்ல யாரோ ஒருத்தர், எழுத்து வெட்டுறவர்கிட்ட "நாயோட பேரையும் போடு"ன்னு சொல்லியிருக்காங்க. அது யாருன்னு கல்லுல இல்ல. அந்த நாய் காவல் காத்துச்சு, அதை அந்த ஊர் மறக்கல. உங்க நாய்க்கும் நீங்க ஒரு பேர் வச்சிருக்கீங்க. அந்தப் பேரைக் கேட்டா வாலாட்டிட்டு ஓடி வருது. ஒரு குழிக்காக அதை மலையில விட்டுட்டு வந்தா, அங்க அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இருக்க மாட்டாங்க.

செங்கம் பக்கம் போறவங்க நடுகல் பார்த்தா மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசாம, சுண்ணாம்பு அடிக்காம ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.